ரேடியோவின் நம்பர் இருக்கிறதா?

அன்புள்ள நண்பனுக்கு,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த நாற்காலியை மாற்றச் சொன்னேன், நீ மாற்றியிருக்க மாட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஷிப்டில் ஒரு மெக்கானிக். நாற்பதை நெருங்கும் வயது. மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். சூப்பர்வைசர் வேலைக்கு அவர் பெயரைக் கொடுத்தது நான்தான். "வேண்டாம் சார், இப்படியே இருந்துடறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொறுப்புக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து நின்றார். சூப்பர்வைசர் ஆனால் தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டும், காலை மீட்டிங்கில் அதை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும், இரண்டும் தன்னால் ஆகாது என்றார். பதினைந்து வருடமாக யாருக்கும் தெரியாமல் சமாளித்திருக்கிறார். படிவம் வந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பாராம். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியை வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டு வருவாராம். எழுத்துப்பிழை தெரியக் கூடாது என்றே கையெழுத்தைக் கிறுக்கலாக வைத்திருக்கிறார். அந்தக் கிறுக்கலுக்காக நான் அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

பரிசோதனைக்குக் கூடவே போனேன். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாகிற கற்றல் குறைபாடு என்றார்கள். (உனக்கு எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதை யாரிடம் சொல்வது என்பது அவர் முடிவு.)

அன்று ராத்திரி, காலேஜில் நாம் ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட நண்பன் ஞாபகம் வந்துவிட்டான். வகுப்பில் கேட்டதை ஒரு வரி விடாமல் நமக்கு ஒப்பிப்பானே. அவன் சொல்லக் கேட்டுத்தான் நீயும் நானும் பாஸ் செய்தோம். அவனுக்கு மட்டும் அரியர் ஏறிக்கொண்டே போயிற்று. "எழுதிப் பார்க்காமல் எப்படிடா பாஸாவாய், சோம்பேறி" என்று நீ சொன்னாய். நானும் தலையாட்டினேன். மூன்றாம் வருடம் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினானே, அப்போதுகூட நமக்கு எதுவும் தோன்றவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1896-ல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். சூட்டிகையான பையன், கணக்கு நன்றாக வரும், ஆனால் வாசிக்க வராது. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் ரேடியோவேதான்.

அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துகிற வேலை நமக்குத் தானாக நடக்கிறது, அவர்களுக்கு ஒவ்வொரு வரியிலும் பாடுபட வேண்டியிருக்கிறது. வரியைக் கடந்து முடிப்பதற்குள் களைத்துவிடுகிறார்கள், பொருளைப் பிடிக்கக் கவனம் மிஞ்சுவதில்லை. வயது ஏறினால் சரியாகிவிடும் என்பதும் கிடையாது. ஆனால் வயதாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று விடவும் வேண்டாம். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களுக்கும் பலன் இருக்கிறது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி எடுத்த பெரியவர்களின் மூளை இயக்கத்திலேயே மாற்றம் தெரிந்திருக்கிறது.

இப்போது அவர் ரிப்போர்ட்டைப் போனில் பேசுகிறார், போன் அதை எழுத்தாக்குகிறது. பிறகு அதையே போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்துகிறார். காதுதானே அவருக்குப் பலம்! மீட்டிங் தாளை முந்தின நாளே கொடுத்துவிடுகிறேன், எழுத்துக்கும் வரிக்கும் நடுவே நன்றாக இடம்விட்டு. குறிப்பெடுக்கும் வேலையை அவருக்குத் தருவதில்லை, கேட்டுக்கொண்டே எழுதுவதுதான் அவரைப் போன்றவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். கலர்த் தாள், விசேஷ எழுத்துரு என்றெல்லாம் ஒருவர் வாங்கச் சொன்னார். அவற்றுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது என்று படித்ததால் வேண்டாம் என்றுவிட்டேன்.

எரிச்சல் எங்கே என்றால், புரமோஷனுக்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது. கூடுதல் நேரம் கேட்டேன், இல்லையென்றால் வாய்மொழியாகக் கேளுங்கள் என்றேன். "ஒருத்தருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்கிறார்கள். கேட்கட்டுமே, தேவைப்படுகிறவர்தானே கேட்பார்! மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2006-லேயே வந்துவிட்டது. நியாயமான மாற்றம் செய்துதர மறுத்தால் அதுவே பாகுபாடு என்று அதில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அவருக்கு மிஷின் தெரியுமா என்பதுதானே தேர்வு? எவ்வளவு வேகமாக எழுதுகிறார் என்பதை எதற்காக அளக்கிறார்கள், சொல்.

இப்போது உன்னிடம் வருகிறேன், வாத்தியாரே. உன் மாலை வகுப்பில் வேலைக்குப் போகிறவர்களை வரிசையாக எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். தயவுசெய்து நிறுத்திவிடு. தன் முறை வருவதற்கு முன்னால் எழுந்து வெளியே போகிறவர் யாராவது இருக்கிறாரா என்று கவனித்துப் பார். கேட்டால் போன் வந்தது என்பார். பாடக் குறிப்பை முதல்நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடு, பேசுவதைப் பதிவுசெய்துகொள்ள விடு. எல்லோருக்கும் செய்துவிட்டால் யாரும் தனியாகக் கைதூக்கிக் கேட்க வேண்டியிருக்காது.

ரேடியோவின் நம்பர் உன்னிடம் இருக்கிறதா? அவனுடைய தம்பியோடு உனக்குப் பழக்கம் இருந்ததே, கேட்டுப் பார். அவனுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. கூப்பிட்டுப் பேச வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்