ஆரல் கடலும் ஆறாவது பங்காளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய ஆசியாவின் பெரிய உப்பு ஏரியான ஆரல் கடல் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். 1960களில் சோவியத் அரசு பருத்திக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியதால் கடல் வற்றியது என்று எழுதியிருந்தீர்கள். சரி. ஆனால் 2005இல் கஜகஸ்தான் உலக வங்கிக் கடனுடன் 13 கி.மீ. நீளக் கோக்-அரால் அணையைக் கட்டியதும் கடலின் வடபகுதியான வட ஆரலில் நீர் ஏறி, உப்பு குறைந்து, மீன்பிடிப்பு மறுபடி தொடங்கியதே! அதற்கு இரண்டு வரியாவது கொடுத்திருக்கலாம்.

அணை மட்டும் போதாது, மேலேயிருந்து தண்ணீரும் வர வேண்டும். சிர் தாரியாவின் மேற்பகுதியில் உள்ள மலைநாடான கிர்கிஸ்தானுக்குக் குளிர்காலத்தில் அணை நீரைத் திறந்து மின்சாரம் எடுக்க வேண்டும். கீழே உள்ள நாடுகளுக்கோ அதே நீர் கோடையில் பாசனத்துக்கு வேண்டும். இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை.

மத்திய ஆசிய நாடுகள் ஐந்தும் 1992இலேயே நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டன. ஆமு தாரியாவின் கரையில் இருந்தும் ஆப்கானிஸ்தான் அதில் இல்லை. இப்போது அந்த ஆறாவது பங்காளி, ஆற்று நீரைத் திருப்ப, சுமார் 285 கி.மீ. நீளத்துக்குக் கோஷ் தெபா கால்வாயை வெட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டாதே என்று மற்றவர்கள் எந்த முகத்தோடு சொல்வது? அவர்களும் அதே ஆற்றில் கால்வாய் வெட்டிப் பருத்தி விளைவித்தவர்கள்தானே. தாலிபான் அரசோடு பேசுவது கசப்புதான், ஆனாலும் பந்தியில் இடம் போட்டுத்தான் பங்கைப் பேச முடியும்.

அப்புறம், அந்தக் கால்வாயைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி