செங்கடலும் தேவதூதர்களின் பாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிரியின் வீழ்ச்சியைக் கொண்டாடலாமா என்று கேட்டு சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய இஸ்ரவேலரைத் துரத்திய எகிப்தியர் செங்கடலில் மூழ்கியபோது தேவதூதர்கள் பாட முனைந்தார்கள் என்றும், "என் கைப்படைப்பு கடலில் மூழ்குகிறது, நீங்கள் பாடுகிறீர்களா?" என்று கடவுள் தடுத்தார் என்றும் வரும், யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூலின் கதையைச் சொல்லி, யூத மதம் அந்த மகிழ்ச்சியை அறவே ஏற்பதில்லை என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ரபி (யூத மத அறிஞர்) யோகனான் சொன்ன இந்தக் கதை தல்மூதின் மெகிலா பகுதியில் இருக்கிறது. அதை ஒட்டியே ரபி எலெயாசாரின் கூற்றும் வருகிறது: கடவுள் தாம் மகிழ்வதில்லை, ஆனால் மற்றவர்களை மகிழச் செய்கிறார். கதையை மேற்கோள் காட்டுகிற பலர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். தடுக்கப்பட்டவர்கள் தேவதூதர்கள், உயிர் தப்பிக் கரையேறிய இஸ்ரவேலர் அல்லர். அவர்கள் பாடினார்கள். மோசேயின் சகோதரி மிரியாம் தம்புரெடுக்க, பெண்கள் ஆடினார்கள். அந்தப் பாட்டு இன்றும் யூதர்களின் தினசரிக் காலை வழிபாட்டில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் செங்கல் அறுத்த அடிமைகளிடம் போய்ப் பாடாதே என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

"உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்பது வேதாகமத்தின் நீதிமொழிகள் நூல், 24:17. துன்மார்க்கர் அழிந்தால் ஊர் ஆர்ப்பரிக்கும் என்பதும் அதே நூலில்தான், 11:10இல் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மறைத்தால் மற்றதுவும் பொய்யாகிவிடும்.

நான் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஆறு ஆண்டுகள் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில் வெள்ளை விரிப்பு போட்ட மேசையில் அவர் நடுங்கும் விரலைத் திராட்சை ரசத்தில் தோய்த்து, எகிப்தியர் மேல் கடவுள் அனுப்பிய ஒவ்வொரு வாதையின் பெயருக்கும் ஒரு துளியைத் தட்டில் விடுவார். வாதைகள் பத்து என்றாலும், உடன் சொல்லும் வேறு சொற்களையும் சேர்த்து 16 துளிகள். "மாண்ட எகிப்தியருக்காக நம் கிண்ணம் குறைகிறது" என்றார் என்னிடம். எதிரே இருந்த மகன், ஹீப்ரு ஆசிரியர், "பழைய நூல்கள் அப்படிச் சொல்லவில்லை அம்மா. அந்த வாதைகள் நம்மை அண்டாதிருக்கவே இந்த வழக்கம், இரக்கம் என்ற விளக்கம் பிற்காலத்தது" என்றார். "இருக்கட்டும், எனக்கு இதுதான்" என்றார் அந்த அம்மா. பிறகு மற்றவர்களோடு சேர்ந்து விடுதலைப் பாட்டுகளை உரக்கப் பாடினார்.

வேதாகமத்தில் வரும் சிசெராவின் கதையையும் அந்த மகனிடம்தான் கேட்டேன். தொள்ளாயிரம் இருப்பு ரதங்களோடு இஸ்ரவேலரை இருபது ஆண்டுகள் ஒடுக்கிய படையின் தலைவன் அவன். அவன் மாண்டபோது இஸ்ரவேலரின் தீர்க்கதரிசி தெபோராள் வெற்றிப் பாட்டுப் பாடினாள். மகனின் ரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று ஜன்னலருகே புலம்பும் அவன் தாயும் அதே பாட்டில் வருகிறாள். யூதப் புத்தாண்டு நாளில் கொம்பு ஊதும்போது எழும் உடைந்த ஒலி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ரபிகள் அந்தத் தாயின் அழுகையைத்தான் சான்றாக எடுத்தார்கள். எதிரியைப் பெற்றவளின் விம்மல் ஆண்டுதோறும் ஜெபக்கூடத்தில் ஒலிக்கிறது. வெற்றிப் பாட்டையும் அவர்கள் கைவிடவில்லை.

விடுபட்டுப்போன ரபி எலெயாசாரின் வரியை அடுத்த இதழிலாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்