கணித மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலக மாடியில் நடைபெற்றன. டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாளன்று மாணவர்களுக்கு வினாடி வினா நடத்தினோம்.

இவ்வாண்டு முழுவதும் ஒரே ஓர் எண்ணின் காரணிகளைக் காண்பதையே பணியாக எடுத்துக்கொண்டோம். "ஒரே எண்ணுக்கு ஓராண்டா?" என்று செயற்குழுவில் கேள்வி எழுந்ததால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. எடுத்துக்கொண்ட எண் 4,29,49,67,297. அதாவது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1. இது பகா எண் என்றே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அதைக் காரணிகளாக உடைத்தார்: 641 × 67,00,417.

குருட்டாம்போக்கில் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இவ்வெண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதி 0. இந்த நிபந்தனையை நிறுவிய இரண்டு கூட்டங்களுக்கும் வராதவர்கள்தான் 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

கைக்கணக்கில் பலரும் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. 641-ஆல் வகுக்கும்போது 6, 7 என்று ஈவு போட்டபின் மீதி 2. அடுத்த இலக்கம் இறங்கினால் 26, அதற்கடுத்தது 267. இரண்டிலும் 641 போகாது. இரண்டு பூச்சியம் போட்டாக வேண்டும். விட்டவர்களுக்கு ஈவு 67,417 என்று வந்தது. இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்ப்பது இங்கே உதவாது. பூச்சியம் போனாலும் கூட்டுத்தொகை அதே 25தான்.

67,00,417 பகா எண் என்று உறுதிசெய்வதும் எளிதே. அதன் வர்க்கமூலம் 2,588-ஐச் சற்றுத் தாண்டும். 128-இன் மடங்குடன் 1 என்ற, பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் தந்த இன்னும் கறாரான நிபந்தனையை வைத்தால் அதற்குள் சோதிக்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டும். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622; எதுவும் 0 இல்லை, ஆகவே அது பகா எண்தான். கணினி நிரல் எழுதிய இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: 2-இன் 32-ஆம் அடுக்குக்குக் குறைந்த எண்களையே கொள்ளும் 32 பிட் மாறியில் நம் எண் அடங்காது, 1 என்றுதான் நிற்கும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செலவு பெரும்பாலும் தாள், தேநீர், வாடகை. வரவு சொல்லும்படி இல்லை. சந்தாப் பதிவேட்டில் வெற்றுக் கட்டங்களே மிகுதி. இடம் தந்த நூலகத்தாருக்கும் தேநீர்ப் பொறுப்பேற்றவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு 2-இன் 64-ஆம் அடுக்குடன் 1 என்பதை முன்மொழிகிறேன். அதன் சிறிய காரணி 2,74,177. 256-இன் மடங்குடன் 1 என்று தேடினால் 1,071-ஆம் படியில் அகப்படும். 3, 5, 7 ஆல் வகுபடுவதைக் கழித்தாலும் ஐநூறுக்குப் பக்கமாக வகுத்தல்கள் மிஞ்சும். பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐம்பது. வயதைக் காரணம் காட்டும் மூத்த உறுப்பினர்கள் கவனத்துக்கு: 1880-இல் இதை உடைத்த பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரிக்கு அப்போது வயது 82. பெயர் கொடுக்க வருபவர்கள் பொருளாளர் மேசை வழியாகவே வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்