சம்பைத் தண்ணீரில் ராமேஸ்வரம்

காரைக்குடி,
ஐப்பசி 12

அன்புள்ள சொக்கு,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே மூன்று நாளாக விட்டு விட்டு மழை. ஊருணிகளில் பாதிப்படி வரை தண்ணீர் ஏறிவிட்டது. கண்டனூர்ப் பக்கம் இன்னும் நல்ல மழை என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சுகம்.

இங்கிலாந்தில் யார்க்கிலிருந்து ஸ்கார்பரோ கடற்கரைக்கு நீராவி வண்டியில் போய்வந்ததை எழுதிவிட்டு, "நம்ம காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இப்படி ஒன்று ஏன் விடக்கூடாது?" என்று கேட்டிருக்கிறாய். விடலாம். ஆனால் நீ என்ஜினைப் பற்றியே நாலு பக்கம் கேட்டிருக்கிறாய், தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஊரில் இருந்து பழகிவிட்டாய். நம் பக்கத்தில் இந்த வண்டியின் டைம்டேபிளை எழுதப்போவது தண்ணீர்தான்.

முதலில் தூரம். யார்க்–ஸ்கார்பரோ 68 கி.மீ. என்ஜினுக்குப் பின்னால் தண்ணீரும் கரியும் சுமக்கும் டெண்டரை ஒருமுறை நிரப்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். காரைக்குடி–ராமேஸ்வரம் சுமார் 175 கி.மீ. மானாமதுரை வரை 61, அங்கிருந்து 113 சொச்சம். அகலப்பாதை என்பதால் டபிள்யூ.பி. வகை என்ஜின் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் கொள்ளளவு ஏறக்குறைய 25,000 லிட்டர். எட்டுப் பெட்டி, சமதளம், மணிக்கு ஐம்பது அறுபது கி.மீ. வேகம் என்றால் கிலோமீட்டருக்கு 110 லிட்டர் என்று கணக்குப் போடு. மொத்தம் 19,000 லிட்டருக்கு மேல் போகும். காகிதத்தில் ஒரே டெண்டரில் முடிகிறது, இல்லையா? ஓட்டுகிறவன் ஒப்புக்கொள்ள மாட்டான். கால் டெண்டருக்குக் கீழே இறங்கினால் அவனுக்குத் தூக்கம் வராது. இது ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக லூப் லைனில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டால், நின்றபடியே சில நூறு லிட்டர் போய்விடும். அழுத்தம் ஏறி சேஃப்டி வால்வ் திறந்துகொண்டால் இன்னும் அதிகம்.

ஆகவே வழியில் ஒருமுறை ஊற்ற வேண்டும். ராமநாதபுரத்தில் ஊற்றினால் என்ன என்று தோன்றும், மூன்றில் இரண்டு பங்கு வழி அங்கே முடிந்துவிடுகிறது. அங்கேதான் மோசம் போவோம். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. குடிக்கிறவன் முகம் சுளித்து நிறுத்திக்கொள்வான். பாய்லருக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். பாய்லருக்குள் 7,000 லிட்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீரை 20,000 லிட்டர் கொடுத்து ஆவியாக்கினால் 20 கிலோ உப்பு உள்ளே சேரும். லிட்டருக்கு ஏறத்தாழ 2,850 மில்லிகிராம் கூடிவிட்டது. நுரை தள்ள அது போதும். அதே அளவு தண்ணீர் 200 மில்லிகிராமில் கிடைத்தால் சேர்வது 4 கிலோதான், கூடுவது 570.

நுரை தள்ளுவதை ப்ரைமிங் என்பார்கள். பால் பொங்குவது மாதிரிதான். சிலிண்டருக்கு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை அகலத் திறந்த உடனே தண்ணீர் நுரைத்து எழும்பி நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் மட்டம் துள்ளும், அழுக்குக் கலந்து தெரியும். புகைபோக்கியிலிருந்து வெந்நீர்த் துளி தெறிக்கும், "சக் சக்" என்ற சத்தம் மழுங்கிக் கரகரக்கும். நீராவி அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டால் மூடி பிளந்துவிடும். மூடி தப்பினாலும் உள்ளே இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டுப் போகும். அந்த நேரத்தில் செய்யவேண்டியது: ரெகுலேட்டரை மெல்ல அடைக்க வேண்டும், சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்கும் குழாயைத் திறக்க வேண்டும். மட்டம் அடங்கியபின் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து, அதற்கப்புறம் உப்பேறிய பாய்லர் தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றும் ப்ளோ டவுன். மட்டம் துள்ளும்போது காட்டும் அளவை நம்பவே கூடாது. நிறையத் தண்ணீர் இருப்பதுபோல் காட்டும், அடங்கினால் கிளாஸின் அடியில் கிடக்கும்.

என் திட்டம் இதுதான். மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கக் கூடாது. காரைக்குடியில் டெண்டரை விளிம்புவரை நிரப்புவது. நம் ஊருக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றுத் தண்ணீரின் பேர் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரையே 12,000 லிட்டர் லாரிகள் இரண்டில் முன்கூட்டி மானாமதுரைக்கு அனுப்பிவிடுவது. அதுவரை செலவு 6,700 லிட்டர். ஒரு லாரியிலிருந்து 7,000 ஊற்றினால் டெண்டர் மறுபடி நிறைந்துவிடும். இரண்டாவது லாரி கைகாவலுக்கு. ராமேஸ்வரம் போய்ச் சேரும்போது டெண்டரில் பாதி, 12,000 லிட்டர் மிச்சம் இருக்கும். அங்கே நாலு மணி நேரம் நெருப்பை உயிரோடு வைத்திருக்க அது தாராளம்.

லாரியிலிருந்து தானாக இறங்கட்டும் என்று விட்டால் முக்கால் மணி நேரம் ஆகும். டெண்டரின் வாய் லாரியைவிட உயரம் என்றால் இறங்கவே இறங்காது. தீயணைப்பு வண்டி மாதிரி இரண்டரை அங்குல ஹோஸும் ஒரு பம்பும் வேண்டும். நிமிடத்துக்கு 500 லிட்டர் என்றால் கால் மணி நேரம். ஹோஸ் மாட்ட, கழற்ற என்று அரை மணி ஒதுக்கு. இன்னொன்று, திருச்சி–காரைக்குடி–மானாமதுரைப் பாதையில் இப்போது தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி. டெண்டர் மேலே ஆள் ஏறி மூடியைத் திறக்கிற பழைய வழக்கம் நடக்காது. கீழிருந்தே நிரப்ப டெண்டரின் பக்கத்தில் ஒரு குழாய்வாய் வைத்துவிட வேண்டும். ஃபயர்மேனின் நீளக் கம்பிகளையும் நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கை வாக்கில்தான் இழுக்க வேண்டும்.

ஊருணித் தண்ணீரை எடுத்தால் என்ன என்று உனக்குத் தோன்றும். மழைத் தண்ணீர், உப்புக் கிடையாது, நல்லதுதான். ஆனால் பாசியும் செம்மண் கலங்கலும் உண்டு. பாசிச் சத்தும் நுரை தள்ளும், டெண்டர் சல்லடையையும் அடைக்கும். படிகாரம் போட்டுத் தெளியவைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வீட்டு அண்டாவுக்குச் சரி, பாய்லருக்கு ஆகாது. தண்ணீரில் அமிலத் தன்மையைக் கூட்டி இரும்பை அரிக்கும். வேறு வழியில்லாமல் எடுத்தால், ஒரு நாள் தொட்டியில் தெளியவிட்டு, நாலாய் மடித்த வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரும் அப்படியே கொடுக்கத் தக்கதல்ல, சோடா சாம்பல் சேர்த்து பாய்லருக்குள் பி.எச். 11 அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரில் இன்னொரு வில்லங்கம், சூடு. கறுப்புத் தொட்டி லாரி மானாமதுரை வெயிலில் நாள் முழுக்க நின்றால் தண்ணீர் சூடேறும். அதிகம் சூடேறிய தண்ணீரை, பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் பிடிக்காது. வழிகுழாயில் நீராவியும் தண்ணீருமாகக் கொட்டும், உள்ளே ஏறாது. ஈரச் சாக்கைச் சுற்றி இன்ஜெக்டரைக் குளிரவைத்து, நீராவியைக் குறைத்துத் திறந்து பார்ப்பார்கள்; தண்ணீரே சூடாக இருந்தால் அதுவும் ஓரளவுக்குத்தான். லாரியை விடியுமுன் நிரப்பி, நிழலில் நிறுத்தி, மேலே கீற்றுப் போட்டு மூடு. சின்ன வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் நடுவழியில் நெருப்பைக் கீழே தள்ள வேண்டிவரலாம்.

என்ஜின் எங்கே கிடைக்கும் என்ற உன் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரம்பூரில் 2010-இல் உயிர் கொடுத்த 1855-ஆம் வருட இ.ஐ.ஆர். 21 என்ற பழைய என்ஜின் ஒரு பெட்டியை இழுத்துக் காட்டும், எட்டுப் பெட்டிக்கு அது ஆகாது. பெரிய என்ஜினை வடக்கிலிருந்துதான் கேட்டு வாங்க வேண்டும். பாய்லர் வேலை தெரிந்த கைகள் 90 கி.மீ.யில் திருச்சிப் பொன்மலையிலேயே இருக்கின்றன. நீலகிரி ரயிலுக்குப் புது நீராவி என்ஜினே கட்டியவர்கள். பெட்டிகள் ஐ.சி.எஃப். வகையாக இருக்க வேண்டும், பழைய என்ஜினின் கொக்கிக்கும் திருகு இணைப்புக்கும் அதுதான் பொருந்தும். இன்றைய பெட்டிகளுக்கு ஏர் பிரேக், பழைய என்ஜினுக்கோ வேக்குவம். நீராவியால் ஓடும் காற்றுப் பம்பும், 5 கிலோ அழுத்தம் கொடுக்கும் பிரேக் வால்வும் பொருத்தாமல் வண்டியை நகர்த்தவே விடமாட்டார்கள்.

நெருப்பு மூட்டும் லைட்டப் வேலையை முதல் நாள் காலையிலேயே தொடங்க வேண்டும். சவுக்குக் கட்டையும் சீமைக்கருவேலும் நம் பக்கத்தில் மலிவு. அவற்றை வைத்து ஃபயர்பாக்ஸில் சிறு நெருப்பாக ஆரம்பித்து, பாய்லர் முழுதும் ஒரே சீராகச் சூடேறிய பிறகே நிலக்கரி. அவசரப்பட்டு ஊதினால் ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் விரியாமல், பாய்லர் தகடுகளைப் பிடித்திருக்கும் ஸ்டே கம்பிகளின் அடியில் கசியும். நெருப்புப் போடுமுன் கேஜ் கிளாஸ் இரண்டையும் திறந்து மூடிப் பார்த்து, இரண்டும் ஒரே மட்டம் காட்டுகின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நிலக்கரி கிலோமீட்டருக்கு 18 கிலோ என்று வை. போக 3 டன்னுக்குச் சற்று மேல், லைட்டப்புக்கு ஒன்றரை டன், காவலுக்கு இரண்டு. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். உருகிக் கிளிங்கர் என்ற கட்டியாகி, நெருப்புக்கு அடியிலுள்ள ஃபயர் பார் கம்பிகளை அடைத்தால் காற்று ஏறாது, அழுத்தம் விழும். மானாமதுரை அரை மணியில் தண்ணீர் ஏறும்போதே நெருப்பைத் துப்புரவு செய்துவிடலாம். பக்கத்தில்தானே இருக்கிறது என்று நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கேட்காதே. ஈரம் அதிகம், சூடு குறைவு.

பாம்பன் புதுப்பாலத்தில் 2025 ஏப்ரல் 6 முதல் வண்டி ஓடுகிறது. 2.08 கி.மீ. நீளம், நடுவே கப்பலுக்காக மேலே தூக்கும் பகுதி 72.5 மீட்டர். நீராவி என்ஜினின் எடையைவிட அதன் அடிதான் பொறியாளர்கள் கேட்கப்போவது. முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன் கம்பிகளைச் சமன் செய்யச் சக்கரத்தில் வைத்த பளு, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தைச் சம்மட்டி மாதிரி அடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. ஆகவே அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். மண்டபத்திலேயே சாம்பல் விழும் ஆஷ்பேனைச் சுத்தம் செய்து, அதன் காற்றுக் கதவான டேம்பரை மூடிவிட்டால் பாலத்தில் தணல் விழாது. பழைய பாலத்தில் வண்டி ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த யோசனையே வேண்டாம். கோடையும் வேண்டாம், பொறி பறந்து காய்ந்த கருவேலும் பனையோலைக் குடிசையும் பற்றிக்கொள்ளும். தை பிற்பாதியும் மாசியும்தான் சரி. தை அமாவாசையை மட்டும் விட்டுவிடு, அன்று ராமேஸ்வரத்தில் பிளாட்பாரமும் கிடைக்காது, மனிதனுக்கு நிற்க இடமும் கிடைக்காது.

ஸ்கார்பரோவில் என்ஜினைத் திருப்ப டர்ன்டேபிள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். திருப்ப வழியில்லாவிட்டால் டெண்டரை முன்னால் வைத்துத் திரும்ப வேண்டும். பார்வை மறைக்கும், கரித்தூள் கண்ணில் அடிக்கும், வேகத்தையும் குறைத்துவிடுவார்கள். திரும்புவதற்கு டீசல் என்ஜினே போதும் என்பேன். போகும்போது அதை வண்டியின் வாலில் மாட்டிக்கொண்டு போனால் பாலத்தின் எடைக் கணக்கு கூடும். முதல் நாளே ராமேஸ்வரத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. பயணிகளுக்கும் அதுவே சுகம். காலையில் ஐந்து மணி நேரம் கரி தின்றவர்களுக்கு மாலையில் தூங்கத்தான் தோன்றும். வெள்ளை வேட்டி கட்டி வராதீர்கள் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துவிட வேண்டும், நம் ஊர்க்காரர்கள் கேட்கவா போகிறார்கள்!

அதிராம்பட்டினம் வரை விட்டால் தூரம் பாதிதானே என்று தம்பி கேட்கிறான். சேறும் அலையாத்தியும் பார்க்கப் போகிறவர்களுக்குச் சரி. கடலில் குளிக்க வேண்டும் என்று வருகிறவர்களை அங்கே இறக்கினால் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.

மணல் விஷயத்தில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சக்கரம் வழுக்கினால் தூவ வைத்திருக்கும் மணல் பெட்டியை ராமேஸ்வரத்தில் கடற்கரை மணலால் நிரப்பிவிடாதே. உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும், குழாய் அடைக்கும். சலித்து வறுத்த ஆற்று மணலைச் சாக்கில் கட்டி இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். கடற்காற்றில் நிற்கும் நேரத்தில் பிஸ்டன் தண்டுகளையும் ஸ்லைடு பார்களையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் பாய்லர் தானாக ஆறட்டும், பச்சைத் தண்ணீரை உள்ளே அடிக்கக் கூடாது. ஆறிய பிறகு உள்ளே கழுவிவிடும் வாஷ்-அவுட்.

அடுத்த முறை ஸ்கார்பரோ போனால் எனக்கு ஒரு உதவி செய். டெண்டருக்குத் தண்ணீர் எந்த உயரத்தில் ஊற்றுகிறார்கள், ஹோஸ் முனையில் என்ன வகை இணைப்பு, பாய்லருக்கு என்ன மருந்து எவ்வளவு போடுகிறார்கள் என்று கேட்டு எழுது. படமும் எடு, என்ஜின் முகத்தை அல்ல, டெண்டரின் பின்பக்கத்தை.

உன் வீட்டு ஆச்சிக்கு எங்கள் விசாரிப்புகள். சீடையும் மாவுருண்டையும் பார்சலில் வருகிறது.

அன்புடன்,
அழகப்பன்