வாரம் ஒரு நடுகல் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வெளிநாட்டுச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். ஆம்ஸ்டர்டாமில் படகுச் சவாரி, டியூலிப் தோட்டம் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதியவர், நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ் மியூசியத்தை மட்டும் ‘நேரம் இருந்தால் ஒரு மணி நேரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படித்ததும் மனசு கேட்கவில்லை. போன வருஷம் நான் அங்கே காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே போய், மாலை 5 மணிக்கு அடைக்கும்போதுதான் வெளியே வந்தேன். அந்த ஒரு நாளைப் பற்றியும், நம் மாவட்டத்து நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களுக்காக நட்ட கற்களை, அது எனக்குக் காட்டிக்கொடுத்ததைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் பாப்பாரப்பட்டி பக்கத்துக்காரன். எங்கள் ஊர் பால் சங்கத்தில் 31 வருஷம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகளும் மாப்பிள்ளையும் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு இரண்டு மாதம் இருக்கப் போனபோதுதான் மகள் ஆம்ஸ்டர்டாமுக்குக் கூட்டிப்போனாள்.

ரைக்ஸ் மியூசியம் 1885இல் திறந்த கட்டடம். நடுவே சைக்கிள் பாதை ஒன்று போகிறது. வேலைக்குப் போகிறவர்கள் மணியடித்துக்கொண்டு அதன் அடியில் புகுந்து போகிறார்கள். உள்ளே 80 கூடங்கள், சுமார் 8,000 பொருள்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றையும் பார்த்ததாகாது என்று மகள் சொன்னாள். சரி என்று நாலைந்து இடத்தில் மட்டும் நின்றோம்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியம் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, 2019 முதல் மக்கள் பார்க்கப் பார்க்கவே ஆராய்ச்சியும் சீரமைப்பும் செய்துவருகிறார்கள். 1715இல் இந்த ஓவியத்தை நகர மன்றக் கட்டடத்துக்குக் கொண்டுபோனபோது, சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு ஓரத்தையும் வெட்டிவிட்டார்களாம். அருமை தெரியாமல் வெட்டிய ஊரும் அதுதான், இன்று கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற ஊரும் அதுதான். இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் அதிக நேரம் நின்றது வெர்மீர் என்ற இன்னொரு டச்சு ஓவியர் 1660 வாக்கில் வரைந்த ‘பால் ஊற்றும் பெண்’ முன்னால்தான். ஏறக்குறைய ஒன்றரை அடிப் படம். வீட்டுவேலை செய்கிற ஒரு பெண், மஞ்சள் ரவிக்கை, நீல முன்துணி, முழங்கை வரை ஏற்றிவிட்ட கை. மண் குடுவையிலிருந்து பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள். மேசையில் ரொட்டி. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் ஒரு ஆணி, அந்த ஆணிக்கும் ஒரு சின்ன நிழல். அவ்வளவுதான் படம்.

31 வருஷம் தினமும் இரண்டு வேளை, ஜனங்கள் பால் ஊற்றுவதை எதிரில் நின்று பார்த்தவன் நான். அவசரமாக ஊற்றினால் நுரை கட்டும். நுரை கட்டினால் அளவு ஏமாற்றும். நிதானம் தெரிந்த பெண்கள் ஒரு கையால் பிடியைப் பிடித்து, மறு கையை அடியில் கொடுத்து, கண்ணைப் பாலை விட்டு எடுக்காமல் நூல் போல ஊற்றுவார்கள். இந்தப் பெண்ணும் அப்படியேதான் ஊற்றுகிறாள். அடியில் கொடுத்த கை, தாழ்ந்த பார்வை, மெல்லிய தாரை எல்லாம் சரியாக இருக்கின்றன. 360 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதை இவ்வளவு கவனித்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அம்மாவை யாரும் ஒரு போட்டோ கூட இப்படி எடுத்ததில்லை.

2022இல் நவீனக் கருவிகளை வைத்து ஆராய்ந்தபோது, அவள் தலைக்குப் பின்னால் குடுவைகள் தொங்கும் ஒரு பலகையை வெர்மீர் முதலில் வரையத் தொடங்கி, அப்புறம் வேண்டாம் என்று மறைத்துவிட்டது தெரியவந்ததாம். மகள் படித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வெறும் சுவரை மறுபடியும் பார்த்தேன். பாலைத் தவிர வேறு எதன் மேலும் நம் கண் போகக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார் போலிருக்கிறது. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அதைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார்கள். 18 வயது வரை அங்கே கட்டணம் கிடையாது.

சாப்பிட்ட பிறகு ஆசியக் கலைக்கான தனிக் கட்டடத்துக்குப் போனோம். சுற்றிலும் தண்ணீர். உள்ளே நம் நடராசர், சுமார் ஐந்தடி உயரம், 12ஆம் நூற்றாண்டு. உள்ளே கூடா, கனவார்ப்பா (முழுக்க உலோகம் நிறைந்த வார்ப்பா) என்று தெரிந்துகொள்ள, துறைமுகத்தில் சரக்கு லாரிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவிக்குள் லாரியோடு அவரை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். கனவார்ப்புதான், எடை சுமார் 300 கிலோ. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். அதைப் பார்த்த டச்சுக்காரப் பெரியவர் ஒருவர் மகளிடம் விசாரித்தார். தமிழ்நாடு என்றதும் அவருக்கு மகிழ்ச்சி. “உங்கள் ஊரில் இப்படிப் பழையது என்ன இருக்கிறது?” என்று கேட்டார். நான் ஒகேனக்கல் என்றேன். “அது அருவி. மனிதர் செய்தது?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்வி ஊர் வரைக்கும் கூடவே வந்தது. திரும்பியதும் தமிழாசிரியரான நண்பரைக் கூட்டிக்கொண்டு, தருமபுரியில் இருக்கும் தொல்லியல் துறை அகழ்வைப்பகம் என்ற பழம்பொருள் காட்சிக்கூடத்துக்குப் போனேன். எத்தனையோ முறை தருமபுரி போய் வந்திருந்தும் அதுதான் முதல் தடவை. தப்பு என்னுடையதுதான். நம் பகுதியின் நடுகற்கள் அங்கே இருக்கின்றன. 1970களில் தொல்லியல் துறையினர் ஊர் ஊராகப் போய்த் தேடிப் பதிவு செய்தவை ஏராளம். பழையவற்றில் பல, தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தில் உள்ளவை. நண்பர் சொன்ன ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது: ‘தொறு’. தொறு என்றால் மாட்டு மந்தை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால், கவர்ந்துபோன மாடுகளை மீட்டுக்கொடுத்து அதிலேயே இறந்தவன். பல கற்கள் சொல்லும் கதை இதுதான். அரசன் கல் அல்ல, மாட்டுக்காக உயிரைக் கொடுத்த ஊர்க்காரன் கல். பால்காரனான எனக்கு இது அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது!

அப்புறம்தான் எங்கள் ஏரிக்கரையில் வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடும் நடுகல்லை உற்றுப் பார்த்தேன். 31 வருஷம் அதைத் தாண்டித்தான் சங்கத்துக்குப் போனேன். மஞ்சளும் எண்ணெயும் ஏறிப்போயிருந்தாலும், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது தெரிகிறது: இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பில் தைத்த அம்பு, கால் பக்கம் ஒரு கெண்டி. அதற்கும் கீழே, உள்ளங்கை அகலத்தில், கொம்போடு ஒரு மாடு.

நம் அதியமானுக்கு நட்ட கல்லைப் பார்த்து ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டாக இருக்கிறது. மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, இதை அவன் ஏற்றுக்கொள்வானா என்று கலங்கிக் கேட்கிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்ய நல்ல பாட்டு. ஆனால் நடுகல் என்றால் என்ன என்று ஒரு கல்லைத் தொட்டுக் காட்டிவிட்டு இதைச் சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது.

எல்லாக் கல்லையும் தூக்கிக்கொண்டுபோய் மியூசியத்தில் வைக்கச் சொல்லவில்லை. கும்பிடுகிற இடத்தில் கல் பத்திரமாகத்தான் இருக்கிறது. கேட்பாரற்று வரப்பில் சாய்ந்து கிடப்பதும், படிக்கல்லாகப் போய்விடுவதும்தான் வேதனை. இங்கேதான் அந்த வெட்டுப்பட்ட ஓவியம் எனக்கு ஆறுதல் தருகிறது. இன்றைக்கு அருமை தெரியாவிட்டாலும் நாளைக்குத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு கல் பக்கத்திலும், அதில் எழுதியிருப்பதை இன்றைய தமிழில் நாலு வரியாகச் சொல்லும் சின்னப் பலகை ஒன்று வைக்கட்டும். பள்ளிகள் வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளை அகழ்வைப்பகத்துக்கும், கிருஷ்ணகிரிப் பிள்ளைகளை அங்குள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போகட்டும். நூறு கல்லையும் ஓட்டமாகக் காட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு கல், ஒரு பென்சில், ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு நடுகல் போடுங்கள். படம், ஊர், எழுத்து இருந்தால் அது சொல்லும் செய்தி. கால் பக்கம் போதும். வாசகர்களையும் அவரவர் ஊர்க் கல்லைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் படத்தை நானே இத்துடன் வைத்திருக்கிறேன், காலை ஏழு மணி வெயிலில் எடுத்தது. அச்சிடும்போது கீழே இருக்கும் மாட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால் சங்கச் செயலாளர் ஒருவர்,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்.