சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாத்தா மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். துரையோ, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நின்று, அவர்கள் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏற வேண்டுமாம். மழை பெய்தாலும் சரி, பின்னால் அரிசி மூட்டை இருந்தாலும் சரி. இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா எழுந்து நின்று, ஹேண்டலைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டிக் காட்டுவார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் மாறிவிடும்.

1941-இல் கிள்ளான், கோலா லங்காட் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இந்தச் சைக்கிள் விஷயமும் ஒன்று. சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் அதே சம்பளம், 10, 12 மணி நேர வேலைக்கு முடிவு, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, ஒழுங்கான மருத்துவம், பெண்களிடம் தவறாக நடப்பதற்குத் தடை, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை என்று அந்தப் பட்டியல் நீளும். குடிக்கிறவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட அதே மக்கள்தான் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் அந்த மே மாதம் கைதாகி, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள்.

மே தினம் என்றால் 1886-இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்தைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அதே மே மாதத்தில், பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் விழுந்த உயிர்களைப் பற்றி எங்கள் ஊர் மேடைகளில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியின் பெயரும் அப்படித்தான்.

துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் அறிவித்து, 1972-இல் மே 1 பொது விடுமுறையானது. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவும் வெட்டுக்காரர்தான், இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். விடிந்த பிறகும் அம்மா பாயில் படுத்திருக்க, நாங்கள் பிள்ளைகள் சத்தம் போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மே தினம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த ஆண்டு மே 1 காலை சந்தைக்குப் போகும் வழியில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிய லோரியைப் பார்த்தேன். வேலி ஓரத்தில் மூன்று வங்காளதேசத்துப் பையன்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். இன்று லீவு இல்லையா என்று மலாயில் கேட்டேன். ஒருவன் சிரித்தான். சம்பளம் கூடவா என்றேன். எப்போதும் போலத்தான் என்றான். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகைக்காரர் நம் ஆள். அவருடைய தாத்தாவும் இதே மண்ணில் மரம் வெட்டியவராகத்தான் இருப்பார். அன்று என்னால் சந்தையில் எதுவும் ஒழுங்காக வாங்க முடியவில்லை.

1955 வேலைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கண்டிப்பாகக் கொடுக்கவேண்டிய ஐந்து பொது விடுமுறைகளில் தொழிலாளர் தினமும் ஒன்று. அன்று நாள் கூலிக்காரரை வேலைக்குக் கூப்பிட்டால் விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் இரண்டு நாள் சம்பளம், ஆக மூன்று நாள் சம்பளம் தர வேண்டும். டன் கணக்கில் குலை வெட்டுகிறவருக்கு விடுமுறைச் சம்பளமும், வெட்டியதற்கு இரட்டிப்புக் கூலியும் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளி என்பதற்காக இதைக் குறைக்க முடியாது.

உங்கள் பத்திரிகையைக் குத்தகைக்காரர்களும், வேலையை மேற்பார்வை செய்யும் மண்டோர்களும் தினமும் படிக்கிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த ஏப்ரல் கடைசி வாரத்தில் இந்தச் சம்பளக் கணக்கை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். பக்கத்திலேயே 1941 கோரிக்கைகளையும் போடுங்கள். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மே தின விருந்து தொடங்கும் முன் அதைப் படிக்க நான் அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த மூன்று பையன்களையும் சாப்பிட அழைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பந்திங், சிலாங்கூர்.