செவ்வாய்ச் சுவருக்கு ஒரு படம் போதாது

அறிவியல் கண்காட்சி அமைப்பாளர்களுக்கும் கோளரங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கென்று நீங்கள் ஒதுக்கும் சுவரில் பெரும்பாலும் தொங்குவது மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் லேசர் அளந்த உயர வரைபடம்தான். பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் வடக்குத் தாழ்நிலம் முழுக்க நீலம் என்பதால் பிள்ளைகள் அதைக் கடல் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அது இருக்கட்டும், பக்கத்தில் இன்னும் மூன்றை மாட்டுங்கள் என்பதே என் கோரிக்கை.

முதலில் எதிரொளிர்வு வரைபடம், அதாவது தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. செவ்வாயின் தார்சிஸ், அராபியா என்ற நிலப்பகுதிகள் வெளுத்திருக்கும், சிர்ட்டிஸ் மேஜர் என்ற பகுதி கறுத்திருக்கும். 1659-ல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் வரைந்த அதே கரும்பகுதி. அது எரிமலைப் பாறை நிலம். இந்த வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது. மெல்லிய தூசிப் படலமே அதை ஏமாற்றிவிடும். 2001-ல் கோளையே மூடிய புழுதிப் புயலுக்குப் பின் சிர்ட்டிஸ் வெளுத்தது, அப்புறம் பழையபடி கறுத்தது. அடியில் இருந்த பாறை அப்படியேதான் இருந்தது.

அடுத்தது வெப்ப நிலைமம். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பது. கோயில் பிரகாரக் கல் ராத்திரியிலும் வெதுவெதுப்பாக இருக்க, பக்கத்து மணல் எப்போதோ ஆறிவிடுகிறதே, அந்த விஷயம். இது சில சென்டிமீட்டர் ஆழம்வரை சொல்லும். தூசி மூடிய தார்சிசில் மதிப்பு 100-க்கும் கீழே. திடப்பாறையில் 1000-ஐயும் தாண்டும். (அலகைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும், விடுங்கள்.)

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெளுத்த இடம் சீக்கிரம் குளிர்வதும் கறுத்த இடம் சூட்டைப் பிடித்துவைப்பதும் பல இடங்களில் பொருந்தி வரும். பொருந்தாத இடங்களில்தான் சுவாரஸ்யமே. வெளுப்பாகவும் இருந்து சூட்டையும் ஓரளவு பிடித்துவைக்கும் நிலங்கள் உண்டு. அங்கே தூசி இறுகி மேலோடாகியிருக்கலாம் என்கிறார்கள். 1976-ல் இறங்கிய வைக்கிங் கலங்கள் அப்படிப்பட்ட மேலோட்டை நேரிலேயே பார்த்தன. ஒரு வரைபடத்தை மட்டும் பார்த்தால் இந்த நிலம் பொடி என்றோ பாறை என்றோ தவறாகப் பதிவாகிவிடும்.

மூன்றாவது ரேடார். 1988-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து அனுப்பிய அலைகளை நியூ மெக்சிகோ வானொலித் தொலைநோக்கிகள் வாங்கிப் பார்த்தபோது, தார்சிசுக்கு மேற்கே ஒரு நீண்ட பகுதியிலிருந்து எதிரொலியே வரவில்லை. அதற்கு 'ஸ்டெல்த்' (ரேடாருக்குத் தெரியாமல் மறைவது) என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பல மீட்டர் ஆழத்துக்குக் கல்லே இல்லாத பொடியோ எரிமலைச் சாம்பலோ கிடந்தால்தான் அலை இப்படி உள்ளேயே அடங்கிப்போகும்.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய வரைபடங்கள் தீர்க்கரேகையை மேற்கு நோக்கி எண்ணும், புதியவை கிழக்கு நோக்கி எண்ணும். சிலவற்றில் நடுவில் 0, சிலவற்றில் 180. நான்கையும் ஒரே அளவில், ஒரே மையத்தோடு அச்சிடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது எவ்வளவு ஆழம் பார்க்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒருவர்